தகுதி முகவர் விலகியபோது: புளோரிடாவில் ஒரு சிறு கட்டுமான நிறுவனம் கடந்துவந்த 60 நாட்கள்

பின்னணி

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கட்டட ஒப்பந்தத் தொழில் செய்யும் உரிமை ஒரு நிறுவனத்துக்குத் தானாகக் கிடைப்பதில்லை. தேர்வெழுதி, அனுபவத்தையும் கடன் நாணயத்தையும் நிரூபித்து உரிமம் பெற்ற ஒருவர், அந்த நிறுவனத்தின் கட்டுமானப் பணிகளுக்குத் தாம் பொறுப்பு என்று கையெழுத்திட்டால்தான் அது ஒப்பந்தம் எடுக்கலாம். மாநிலச் சட்டத்தொகுப்பின் 489-ஆம் அத்தியாயம் இவரைத் தகுதி முகவர் என்று குறிப்பிடுகிறது. தொழிலில் இருப்பவர்கள் வாய்வழக்கில் குவாலிஃபையர் என்பார்கள். உரிமம் யாருக்கு என்று தீர்மானிப்பது கட்டுமானத் தொழில் உரிம வாரியம். அது மாநிலத்தின் வணிக, தொழில் ஒழுங்குமுறைத் துறையின்கீழ் இயங்குகிறது; இங்கே துறை என்பது அதைத்தான்.

இங்கே பதிவு செய்யப்படும் நிகழ்வு மத்திய புளோரிடாவில் 11 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் நடந்தது. வீடுகளுக்குக் கூடுதல் அறை கட்டுவதும், சமையலறை, குளியலறைகளைப் புதுப்பிப்பதும் அதன் வேலை. நிறுவனத்தின் கட்டுமான அனுமதிகளையும் ஒப்பந்தக் கோப்புகளையும் கவனித்துக்கொண்டிருந்தவன் நான். உரிமையாளர் வியாபாரத்தில் கெட்டிக்காரர். வாடிக்கையாளர் வீட்டுக் கூடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் வேலையோடுதான் திரும்புவார். ஆனால் அவரிடம் உரிமம் இல்லை. ஓய்வுபெற்ற கட்டட ஒப்பந்ததாரர் ஒருவர் 6 ஆண்டுகளாக மாதச் சம்பளத்துக்குத் தகுதி முகவராக இருந்துவந்தார். 3 மாடிக்கு மிகாத கட்டடங்களைக் கட்ட அனுமதிக்கும் உரிமம் அவருடையது. எங்கள் வேலைக்கு அது போதுமானதற்கும் மேல்.

விலகலுக்கு முன்பு கண்டவை

தகுதி முகவராகச் சேருபவர் விண்ணப்பத்துடன் ஓர் உறுதிமொழி தர வேண்டும். நிறுவனம் செய்யும் எல்லாக் கட்டுமான வேலைகளிலும் இறுதி ஒப்புதல் தம்முடையது என்றும், நிதிப் பொறுப்பு அலுவலர் என்று வேறொருவரை வாரியம் ஏற்றிருந்தாலொழிய, ஒப்பந்தம், காசோலை, பணப்பட்டுவாடா ஆகிய வியாபார விஷயங்களிலும் இறுதி ஒப்புதல் தம்முடையதே என்றும் அதில் அவர் சொல்கிறார். எங்கள் கோப்பிலும் அந்தத் தாள் இருந்தது. நடைமுறை வேறாக இருந்தது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை அவர் வருவார். அலுவலகச் சமையலறை மேசையில் நான் அடுக்கி வைத்திருக்கும் அனுமதி விண்ணப்பங்களில், வரவேற்பில் இருந்த நோட்டரிப் பெண்மணியின் முன்னிலையில், நீல மைப் பேனாவால் ஒவ்வொன்றாகக் கையெழுத்திடுவார். காப்பி குடித்துவிட்டு, மேஸ்திரியின் மகனைப் பற்றி விசாரித்துவிட்டுக் கிளம்புவார். நல்ல மனிதர். வேலைத்தளங்களுக்கு அவர் போனதைக் குறிக்க ஒரு பதிவேடு இருந்தது. 22 மாதப் பக்கங்களில் 5 பதிவுகளைத்தான் பின்னாளில் நான் எண்ண முடிந்தது. ஒருமுறை நகர ஆய்வாளர் ஒருவர் தளத்தில் நின்ற எங்கள் ஆளிடம் "உங்கள் ஒப்பந்ததாரர் யார்?" என்று கேட்டதற்கு அவன் உரிமையாளரின் பெயரைச் சொன்னான். ஆய்வாளர் கையிலிருந்த அனுமதி அட்டையைப் பார்த்தார், எங்கள் ஆளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டு போனார். அன்றே நாங்கள் விழித்திருக்க வேண்டும்.

உரிம எண்ணை இரவல் கொடுப்பதைப் புளோரிடாச் சட்டம் தடுக்கிறது. அப்படிக் கொடுப்பவர் மீது ஒரு மீறலுக்கு 10,000 டாலர் வரை அபராதம் விதிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. எங்கள் ஏற்பாடு அந்தக் கோட்டை எவ்வளவு நெருங்கியிருந்தது என்பதை அலுவலகத்தில் யாரும் உரக்கப் பேசியதில்லை. மாதாமாதம் அனுமதி கிடைத்துக்கொண்டிருந்ததால் பேச வேண்டிய தேவையும் எழவில்லை.

விலகல்

ஒரு திங்கட்கிழமை காலை அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இதய அறுவைச் சிகிச்சை முடிந்திருப்பதாகவும், மகளுடைய வற்புறுத்தலால் தொழிலிலிருந்து முற்றிலும் விலகுவதாகவும், கடந்த வெள்ளிக்கிழமையோடு நிறுவனத்துடனான தொடர்பை முடித்துக்கொண்டு துறைக்கும் தெரிவித்துவிட்டதாகவும் அதில் எழுதியிருந்தார். அவரோடு நாங்கள் செய்திருந்த ஒப்பந்தம் இரண்டு பக்கக் கடிதம். முன்னறிவிப்புக் காலம் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவர் செய்ததில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. துறைக்குத் தெரிவிப்பது அவருடைய சட்டக் கடமை. எங்களுக்குத் தெரியாமலேயே 3 நாட்கள் கழிந்திருந்தன.

அப்போது 7 வீடுகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. 2 ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி, வேலை தொடங்காமல் இருந்தன. 4 வாடிக்கையாளர்களிடம் எங்கள் விலைப்புள்ளிகள் காத்திருந்தன.

முதல் முடிவு: வேலையை நிறுத்துவது

ஒரே தகுதி முகவர் விலகினால் வேறொருவரை அமர்த்த நிறுவனத்துக்கு விலகிய நாளிலிருந்து 60 நாட்கள் உண்டு என்று சட்டம் சொல்கிறது. உரிமையாளர் இதை 60 நாட்கள் வழக்கம்போல் வேலை செய்யலாம் என்று புரிந்துகொண்டிருந்தார். இந்தத் தொழிலில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வாக்கியத்தைப் படித்தால் நிலைமை தெளிவாகும்: புதிய முகவர் சேரும்வரை நிறுவனம் ஒப்பந்தத் தொழிலில் ஈடுபடக் கூடாது. இதற்கு ஒரே விலக்கு, வாரியத்தின் தலைவரோ நிர்வாக இயக்குநரோ நிறுவனத் தலைவர் போன்ற ஒருவருக்கு வழங்கும், புதுப்பிக்க முடியாத தற்காலிகச் சான்றிதழ். அதைப் பெறுபவர் தகுதி முகவரின் எல்லாப் பொறுப்புகளையும் தம் தலையில் ஏற்கிறார். அதைக் கொண்டு செய்யக்கூடியதும் நிறைவடையாத ஒப்பந்தங்களை மட்டுமே. முகவர் விலகுவதற்கு முன்பே கையெழுத்தானவையும், போட்டி ஏலத்தில் குறைந்த விலை கேட்டிருந்ததால் பின்னர் நமக்குக் கிடைப்பவையும் இதில் அடங்கும், வேலை தொடங்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வழக்கறிஞருடன் பேசிய பிறகு அன்று பிற்பகலே 7 தளங்களிலும் வேலையை நிறுத்தச் சொன்னோம். மேஸ்திரிக்கு இது பிடிக்கவில்லை. சாந்து பூசிக்கொண்டிருக்கும்போது கரண்டியைக் கீழே வைக்கச் சொல்வதா என்று கேட்டார். ஆனால் சான்றிதழ் வருமுன் செய்யப்படும் ஒவ்வொரு நாள் வேலையும் உரிமமற்ற வேலையாக எண்ணப்படலாம் என்பதால் வேறு வழி தெரியவில்லை. ஆட்களுக்குக் கூலி கொடுத்துச் சும்மா இருக்கவைத்தோம். கூலி கொடுக்காவிட்டால் 2 வாரத்தில் அவர்கள் வேறிடம் போயிருப்பார்கள்.

ஒரு வீட்டில் மட்டும் நிறுத்துவது எளிதாக இருக்கவில்லை. கூடுதல் அறையின் கூரையில் பிளைவுட் பலகை அடித்தாகிவிட்டது, அதன்மேல் விரிக்க வேண்டிய நீர்காப்புத் தாள் இன்னும் விரிக்கப்படவில்லை. புளோரிடாவின் கோடையில் பிற்பகல் மழை தவறுவதில்லை. முதல் நாள் தார்ப்பாய் போட்டு மூடினோம். இரவுக் காற்றில் ஒரு மூலை பிய்த்துக்கொண்டு, விடியும்போது அறையின் தரையில் கணுக்கால் நனையுமளவு தண்ணீர் நின்றது. கூரை வேலைக்கு நாங்கள் அமர்த்தியிருந்த நிறுவனத்துக்குத் தனி உரிமம் இருந்ததால், வீட்டுக்காரரே அவர்களுடன் நேரடியாக ஒப்பந்தம் செய்து, அவர்கள் தங்கள் பெயரில் அனுமதி எடுத்துக் கூரையை மூட ஏற்பாடு செய்தோம். அந்தத் தொகையை எங்கள் ஒப்பந்த விலையிலிருந்து கழித்துவிட்டோம். வீட்டுக்காரரிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னது பின்னால் எங்களுக்கு உதவியது.

மின்னொப்பமிட்ட ஒப்பந்தம்

விலகலுக்குப் பிந்தைய 5-ஆம் நாள், காத்திருந்த 4 விலைப்புள்ளிகளில் ஒன்றில் வாடிக்கையாளர் இணையவழியே ஒப்பமிட்டு, முன்பணமாக ஒப்பந்த விலையில் கால்பங்கையும் செலுத்திவிட்டார். புதிய ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடக் கூடாது என்று முடிவெடுத்த நாங்கள், ஏற்கெனவே அனுப்பியவற்றைத் திரும்பப் பெற மறந்திருந்தோம். இது என் பிழை. அந்தப் பட்டியல் என் மேசையில்தான் இருந்தது.

சட்டத்தின் 489.128 பிரிவின்படி உரிமமற்ற ஒப்பந்ததாரர் தம் ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது. பணம் வராவிட்டால், வேலை செய்த வீட்டையே அந்தக் கடனுக்குப் பிணையாக்கும் பற்றுரிமையைக் கோரவும் முடியாது. வேலை செய்த நாளில் உரிமம் இருந்ததா என்பதைவிட, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளில் இருந்ததா என்பதையே அந்தப் பிரிவு பார்க்கிறது. ஒப்பந்தத்திலேயே ஒரு தேதி குறிப்பிட்டிருந்தால் அந்தத் தேதி; இல்லையென்றால் கடைசித் தரப்பு கையெழுத்திட்ட நாள்; அதையும் நிறுவ முடியாவிட்டால் வேலையோ பொருளோ முதலில் கொடுக்கப்பட்ட நாள். எனவே பின்னர் உரிமம் வந்து, வேலையைப் பழுதில்லாமல் முடித்தாலும், இந்த ஒப்பந்தத்துக்கு உயிர் வராது. முன்பணத்தாலும் சிக்கல் இருந்தது. வீட்டு வேலைக்கு ஒப்பந்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கியவர் 30 நாட்களுக்குள் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்காக விண்ணப்பத்தில் கையெழுத்திட அப்போது யாருமில்லை.

ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட தேதியே செல்லும் என்பதால், முகவர் விலகுவதற்கு முந்தைய தேதி ஒன்றைப் போட்டுவிட்டால் என்ன என்று உரிமையாளர் கேட்டார். கேள்வியில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. இரவெல்லாம் தூங்காத மனிதரின் கேள்வி அது. ஆனால் மின்னொப்பத்தில் நேரமும் நிமிடமும் பதிவாகியிருந்தன. அவை இல்லாவிட்டாலும் விடை ஒன்றுதான் என்று வழக்கறிஞர் சொன்னார். மறுநாளே முன்பணத்தைத் திருப்பி அனுப்பி, நிலைமையை விளக்கிக் கடிதம் எழுதினோம். மற்ற 3 விலைப்புள்ளிகளையும் அன்றே திரும்பப் பெற்றோம்.

தற்காலிகச் சான்றிதழ்

உரிமையாளர் நிறுவனத் தலைவர் என்ற முறையில் விண்ணப்பித்தார். நடந்துகொண்டிருந்த 7 வேலைகளையும் தொடங்காத 2 வேலைகளையும் ஒப்பந்தத் தேதிகளோடு பட்டியலிட்டு இணைத்தோம். 19-ஆம் நாள் சான்றிதழ் கிடைத்தது. 20-ஆம் நாள் காலை ஆட்கள் தளங்களுக்குத் திரும்பினார்கள். அன்றிலிருந்து உரிமையாளர் தினமும் 2 தளங்களுக்குப் போனார். 6 ஆண்டுகளில் அவர் அவ்வளவு தளங்களைப் பார்த்ததில்லை.

புதிய முகவரைத் தேடியது

3 வழிகள் இருந்தன. மேஸ்திரிக்கு வேண்டிய அனுபவம் இருந்ததால் அவரையே தேர்வெழுத வைக்கலாம். ஒப்பந்த நிர்வாகம், திட்ட மேலாண்மை, வணிகமும் நிதியும் என்று தேர்வு 3 பகுதிகளைக் கொண்டது. பகலெல்லாம் தளத்தில் நிற்பவர் அதற்குத் தயாராக மாதக்கணக்கில் ஆகும். 60 நாட்களுக்கு இது ஆகாது என்றாலும் அன்றே அவருக்குப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தோம்.

இரண்டாவது, வேறு 2 நிறுவனங்களுக்கு ஏற்கெனவே முகவராக இருந்த ஒருவர். கேட்ட தொகை பழைய முகவருடையதைவிடக் குறைவு. தளத்துக்கு வருவது பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. உரிமையாளருக்கு இவரையே பிடித்திருந்தது. நான் எதிர்த்தேன். கூடுதலாக ஒரு நிறுவனத்துக்கு முகவராக வேண்டுமென்றால் வாரியத்தின் தனி ஒப்புதல் வேண்டும். அதன் கூட்டத்துக்காகக் காத்திருந்தால் எங்கள் கெடு தாண்டிவிடும். தாண்டாவிட்டாலும், நாங்கள் விழுந்த அதே பள்ளத்துக்குக் காசு கொடுத்துத் திரும்பிப் போவதாக இருக்கும்.

மூன்றாமவர், 15 ஆண்டுகள் சொந்தமாகச் சிறு நிறுவனம் நடத்தி அதை மூடிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. துறையின் இணையதளத்தில் அவருடைய உரிமம் நடப்பில் இருப்பதையும் அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லாததையும் பார்த்துக்கொண்டோம். அவர் நிபந்தனைகளைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்: முழுநேரச் சம்பளம், வாரத்தில் குறைந்தது 2 நாள் தளங்களில், எந்த வேலையையும் யாரையும் கேட்காமல் நிறுத்தும் உரிமை, காசோலைகளில் இறுதி ஒப்புதல். கடைசி நிபந்தனையில் உரிமையாளர் 4 நாட்கள் சிக்கிக்கொண்டு நின்றார். தம் பணத்தைச் செலவழிக்கப் பிறர் கையெழுத்தா என்பது அவர் ஆதங்கம். பழைய முகவரின் உறுதிமொழித் தாளை எடுத்து அவர்முன் வைத்தேன். அந்தப் பெண்மணி கேட்டது எதுவும் புதிதல்ல. 6 ஆண்டுகளுக்கு முன்பே நாங்கள் தந்துவிட்டதாக மாநிலத்திடம் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் உண்மையில் கேட்டார். உரிமையாளர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

விண்ணப்பமும் ஒரு கால்புள்ளியும்

அந்தப் பெண்மணியின் பழைய நிறுவனத்தின் பெயரில் 2 அனுமதிகள் இறுதி ஆய்வுக்குக் காத்திருந்தன. அவற்றை முடிக்காமல் அங்கிருந்து விலக அவர் சம்மதிக்கவில்லை. 31-ஆம் நாள் அவை முடிந்தன. 33-ஆம் நாள் விண்ணப்பம் போனது. கட்டட ஒப்பந்ததாரருக்கு விதிக்கப்பட்டுள்ள குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு, அதாவது உடற்காயத்துக்கு 3,00,000 டாலரும் சொத்துச் சேதத்துக்கு 50,000 டாலரும், எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. கடன் அறிக்கைகளும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டின் விவரமும் சேர்த்தோம்.

மாநில முகமைகள் விண்ணப்பத்தில் குறையிருந்தால் 30 நாட்களுக்குள் சுட்டிக்காட்ட வேண்டும், குறையற்ற விண்ணப்பத்தின்மேல் 90 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது புளோரிடாவின் பொது விதி. முகவரை அமர்த்த நமக்குள்ள காலம் 60 நாள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கத் துறைக்குள்ள காலம் 90 நாள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் முதல் வாரத்தில் நாங்கள் வீணாக்கிய நாட்களின் விலை எனக்குப் புரிந்தது.

41-ஆம் நாள் குறை சுட்டிக்காட்டப்பட்டது. கடன் அறிக்கையில் இருந்த நிறுவனப் பெயரும் மாநிலப் பதிவில் இருந்த பெயரும் ஒரு கால்புள்ளியால் வேறுபட்டிருந்தன. திருத்திய அறிக்கையை அன்று மாலையே அனுப்பினோம். 55-ஆம் நாள் ஒப்புதல் வந்தது.

தொடர்ந்து நடந்தவை

நடப்பிலிருந்த அனுமதிகளில் ஒப்பந்ததாரர் பெயரை மாற்ற 4 உள்ளாட்சிகளின் 4 வகைப் படிவங்களை நிரப்ப வேண்டியிருந்தது. பெயர் மாறாத தளங்களில் அடுத்த ஆய்வுக்கு நாள் குறிக்க முடியவில்லை.

புதிய முகவர் முதல் வாரத்தில் எல்லாத் தளங்களையும் சுற்றினார். ஒரு வீட்டில் உள்கூரைப் பலகை அடிக்க ஆட்கள் ஏணி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கைவிளக்குடன் ஏணியில் ஏறி, கூரைச் சட்டங்களைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். புயல்காற்று கூரையைத் தூக்காமல் பிடித்து வைப்பவை அவைதான். பட்டையின் துளைகள் எல்லாவற்றிலும் ஆணி இருக்க வேண்டும். பலவற்றில் பாதித் துளைகள் வெறுமையாக இருந்தன. வேலையை நிறுத்தினார். 2 தச்சர்கள் ஒரு நாள் முழுவதும் ஆணி அடித்தார்கள். உள்கூரை மூடியிருந்தால் அடுத்த புயல்வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

7 வேலைகளில் 6 முடிந்தன. தாமதத்தால் ஒருவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். தொடங்காத 2 வேலைகளில் ஒன்று நிலைத்தது. முன்பணம் திரும்பப் பெற்ற வாடிக்கையாளர் உண்மையைச் சொன்னதற்கு நன்றி கூறிவிட்டு வேறு நிறுவனத்திடம் போனார். கூரை நனைந்த வீட்டுக்காரர் இறுதிவரை எங்களோடு இருந்தார், பக்கத்து வீட்டு வேலையையும் வாங்கித் தந்தார்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

முகவருடனான ஒப்பந்தத்தில் இப்போது 90 நாள் முன்னறிவிப்பு இருக்கிறது. ஆனால் இறப்புக்கோ நோய்க்கோ எந்தத் தாளும் முன்னறிவிப்பு வாங்கித் தராது. அதனால் 2 உரிமதாரர்கள் இருப்பதே பாதுகாப்பு என்ற முடிவுக்கு வந்தோம். ஒரு நிறுவனத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முகவர்கள் இருக்கலாம்; எல்லோரும் சேர்ந்து வாரியத்தின் படிவத்தில் ஒப்பந்தம் செய்தால் ஒருவரை மட்டும் முதன்மை முகவராக வைத்து, மற்றவரைத் தம் பெயரில் அனுமதி எடுத்த தளங்களின் களப்பணிக்கு மட்டும் பொறுப்பாக்கலாம். மேஸ்திரி தேர்வின் 2 பகுதிகளில் தேறிவிட்டார். நிதிப் பகுதி பாக்கி. கணக்கு என்றாலே அவருக்கு ஆகாது.

விலைப்புள்ளிகள் இப்போது 10 நாளில் தாமாகக் காலாவதியாகின்றன. எங்கள் தரப்பின் ஒப்பம் கடைசியாகவே இடப்படுகிறது. அதற்கு முன் உரிமத்தின் நிலையை அன்றைய தேதியில் பார்த்து அச்செடுத்துக் கோப்பில் வைக்கிறேன். இரண்டு நிமிட வேலை. தற்காலிகச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை மின்னஞ்சல் வந்த அன்றே அனுப்பியிருக்க வேண்டும். நாங்கள் 8-ஆம் நாள்தான் அனுப்பினோம், அதற்குள் ஒரு வாரக் கூலி போய்விட்டது. காசோலை ஒப்புதல் பற்றிய முணுமுணுப்பு இன்னும் தீரவில்லை. உரிமையாளர் தம்மை நிதிப் பொறுப்பு அலுவலராக ஏற்க வாரியத்திடம் விண்ணப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அது முறையான வழி, மறுப்பதற்கில்லை.

ஆணி குறைந்திருந்த வீட்டின் அனுமதி பழைய முகவரின் கையெழுத்தில் எடுக்கப்பட்டது. பட்டைகள் அடிக்கப்பட்டபோது பொறுப்பு அவருடையதாக இருந்ததால், கண்டதையும் சரிசெய்ததையும் படங்களோடு அவருக்கு எழுதினோம். மறுநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். உடல் தேறியிருப்பதாகச் சொன்னார், புதிய முகவருக்கு நன்றி சொல்லச் சொன்னார். பிறகு சற்றுத் தயங்கி, அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டார்.